ஆயிரம் பீடியும் ஒரு பாஸ்புக்கும்

முக்கூடல், ஆலங்குளம், கீழப்பாவூர், கடையநல்லூர், மேலப்பாளையம் என்று திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் எந்த ஊரின் உள்தெருவில் மத்தியான நேரம் நடந்தாலும் இந்தக் காட்சி தப்பாது. நிழல் விழும் திண்ணையில் நாலைந்து பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். மடியில் சுளகு. அதன் ஒரு ஓரத்தில் வெட்டிய இலை, இன்னொரு ஓரத்தில் புகையிலைத் தூள், நடுவில் நூல்கண்டு. பேச்சு யார் வீட்டுச் சடங்கைப் பற்றியோ இருக்கும். கை மட்டும் தன்பாட்டுக்குப் பீடி சுற்றிக்கொண்டிருக்கும்.

இந்தப் பெண்களைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக இரண்டு விஷயம் சொல்வார்கள்: கூலி குறைவு, உடம்புக்குக் கெடுதி. இரண்டும் உண்மைதான். ஆனால் அதோடு நிறுத்தினால், இவ்வளவு சொற்பக் காசுக்கு ஒருத்தி ஏன் பன்னிரண்டு வயதில் தொடங்கி அறுபது வயதுவரை சுற்றினாள் என்பதற்குப் பதிலே கிடைக்காது. வேறு வழியில்லை என்பது பாதிப் பதில். மீதிப் பாதி, அவள் வீட்டு டிரங்குப் பெட்டியில் ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருக்கும் வருங்கால வைப்பு நிதிப் பாஸ்புக்கில் இருக்கிறது.

நாட்டில் பீடித் தொழிலாளர்கள் ஏறத்தாழ 50 லட்சம் பேர் என்பது மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கணக்கு. பெரும்பாலானோர் பெண்கள், பெரும்பாலானோருக்கு வீடுதான் வேலை இடம். ஒருவர் பெயரில் பதிந்து மூன்று பேர் சுற்றுகிற வீடுகளை எண்ணினால் கணக்கு இன்னும் பெருகும். அது ஏன் அப்படி என்பதற்குப் பிறகு வருகிறேன்.

ஆயிரம் எப்படி ஆயிரமாகிறது

பீடிக்கூலி மணிக்கணக்கோ நாள்கணக்கோ இல்லை, ஆயிரக் கணக்கு. ஒரு கட்டுக்கு 25 பீடி, 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். அடிப்படைக் கூலி இவ்வளவு, பஞ்சப்படி இவ்வளவு என்று ஆயிரத்துக்குப் பேசி முடிவாகும். பழகிய கை என்றாலும் ஆயிரம் பீடிக்குப் பத்து மணி நேரம் வேண்டும். வகுத்துப் பார்த்தால் ஒரு பீடிக்கு 36 வினாடி. அந்த 36 வினாடிக்குள் இலை வெட்டுவது, தூள் வைப்பது, சுற்றுவது, முனை மடக்குவது, நூல் கட்டுவது எல்லாம் அடக்கம்.

வேலை உண்மையில் முந்தின நாள் ராத்திரியே தொடங்கிவிடுகிறது. பீடி இலை மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளில் கோடையில் பறித்து, காயவைத்து, மூட்டையாக வருவது. காய்ந்த இலையைச் சுற்றினால் நொறுங்கும். அதனால் ராத்திரிச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிய கையோடு இலையைத் தண்ணீரில் நனைத்து, ஈரச் சாக்கில் சுற்றி வைக்க வேண்டும். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, தகட்டை இலைமேல் வைத்து அளவு பார்த்து, நரம்பு தடித்த இடத்தை ஒதுக்கி, கத்தரியால் வெட்ட வேண்டும். இந்த வெட்டுகிற வேலைக்குத் தனிக் கூலி கிடையாது. நாள்முழுக்கக் கத்தரி பிடித்ததில் பெருவிரல் அடியில் காய்ப்புக் காய்த்திருக்கும்.

பிறகுதான் சுற்றுவது. ஒரு பீடிக்குள் போகும் தூள் ஏறத்தாழ 0.2 கிராம், ஆயிரத்துக்கு 200 கிராம் சொச்சம். தராசெல்லாம் கிடையாது, விரல் நுனிதான் அளவு. தூள் கூடினால் கடைசி நூறு பீடிக்குத் தூள் இருக்காது. குறைந்தால் பீடி தொளதொளவென்று ஆகிக் கழிவில் போகும். ஃபேன் போட முடியாது, தூள் பறக்கும். பங்குனி சித்திரை வெயிலிலும் பீடி சுற்றுகிற வீட்டில் ஃபேன் நின்றிருப்பதைப் பார்க்கலாம். அதே அறையின் மூலையில் தூளியில் குழந்தை தூங்கும். அதுவும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறது.

சாயங்காலம் பீடிக்கடை, அதாவது நிறுவனத்துக்காக இலையும் தூளும் கொடுத்து, சுற்றிய பீடியை வாங்கிக்கொள்ளும் இடம். கட்டுகளைத் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நிற்க வேண்டும். செக்கிங் செய்கிறவர் நாலு கட்டை எடுப்பார், பிரிப்பார், ஒன்றிரண்டை விரலால் அமுக்குவார், "இது வேண்டாம், இதுவும் வேண்டாம்" என்று ஒதுக்குவார். ஒதுக்கியது கழிவு. கழிவுக்குக் கூலி இல்லை. ஒதுக்கிய பீடி திரும்பவும் கைக்கு வராது என்பது பல கடைகளில் வழக்கம். கழிவு எவ்வளவு போகலாம் என்பதற்கு விதியில் உச்சவரம்பு உண்டு. வரிசையில் நிற்கும் பெண் அந்த விதியைப் படித்துக் காட்டி வாதாடினால் நாளைக்கு அவளுக்கு வரும் இலை எப்படி இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

"அண்ணாச்சி, நேத்து தந்த இலை பூரா ஓட்டையும் நரம்புமா இருக்கு. இதுல எப்படி ஆயிரம் வரும்?"

"கம்பெனி அனுப்புனதத்தான் தாறேன் தாயி. நானா காட்டுல போய்ப் பறிச்சேன்?"

பேச்சு அதோடு முடிந்தது. இலை மோசமாக இருந்து எண்ணூறுதான் தேறினாலும் கடைக்கு ஆயிரமாகத்தான் கொடுக்க வேண்டும். பற்றாத இலையை வெளியே காசுக்கு வாங்கி ஈடுகட்டுவது இந்தப் பக்கத்தில் சர்வசாதாரணம். கூலியாக எழுதப்படும் தொகையிலிருந்து அந்த இலைக்காசு, நூல், கத்தரி சாணை பிடித்த காசு, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எரியும் லைட்டு எல்லாம் கழியும். தொழிற்சாலை கட்டியிருந்தால் இடவாடகையும் கரண்ட் பில்லும் முதலாளி தலையில் விழுந்திருக்கும். வீட்டில் வைத்துச் சுற்றுவதால் அந்தச் செலவு மொத்தமும் தொழிலாளி கணக்குக்கு மாறிவிட்டது. எந்த ரசீதிலும் இது ஏறாது.

தொழிற்சாலையில் இருந்து திண்ணைக்கு

பீடி என்றாலே வீட்டு வேலைதான் என்று இங்கே எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மலையைத் தாண்டினால் கதை வேறு. கேரளத்தின் கண்ணூரில் பீடி சுற்றியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பெரிய கூடங்களில் வரிசையாக உட்கார்ந்து சுற்றினார்கள். ஒருவர் மட்டும் சுற்றாமல் செய்தித்தாளும் புத்தகமும் சத்தமாக வாசிப்பார். அவர் பங்குப் பீடியை மற்றவர்கள் சேர்ந்து சுற்றிக் கொடுத்துவிடுவார்கள். கூடத்தில் உட்கார்ந்ததால் சங்கம் வந்தது, சங்கம் வந்ததால் சட்டத்தைக் கேட்டார்கள். 1966-இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்து, அதைக் கேரளம் நடைமுறைப்படுத்தத் தொடங்கியதும் மங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெரிய நிறுவனம் 1968-இல் கண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளை மூடிவிட்டுப் போனது. வேலை இழந்த ஆயிரக்கணக்கானோர் அரசு உதவியுடன் 1969-இல் தினேஷ் பீடி என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். பீடி விற்பனை படுத்தபோது அந்தக் கூட்டுறவு குடை, உணவுப்பொருள், ஆயத்த ஆடை என்று மாறிக்கொண்டது.

திருநெல்வேலிப் பக்கம் நடந்தது நேர்மாறு. இங்கே கூடம் கரைந்து தெருவுக்குள் போனது. நிறுவனம், அதற்குக் கீழே ஏஜெண்ட், ஏஜெண்டுக்குக் கீழே பீடிக்கடை, கடைக்குக் கீழே வீடு. மேலப்பாளையம் போன்ற ஊர்களில் தறி படுத்துக்கொண்டிருந்த காலம் அது. தறிக்குழியில் கணவனுக்கு நூல் சுற்றிக் கொடுத்த பெண் பீடி சுற்றத் தொடங்கினாள். மழை பொய்த்த மானாவாரிக் காட்டை நம்பியிருந்த ஊர்களிலும் இதேதான். வெளியே போய் வேலை பார்ப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைத்த குடும்பங்களுக்கு இது தோதாக இருந்தது: பெண் வாசல்படி தாண்டவில்லை, காசு மட்டும் உள்ளே வந்தது. இந்த ஒரு விஷயத்தில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பெரிய வித்தியாசம் இருக்கவில்லை.

இந்த ஏற்பாட்டில் நிறுவனத்துக்குக் கிடைத்த பெரிய வசதி என்னவென்றால், தொழிலாளிகள் ஒருவரையொருவர் பார்க்கும் ஒரே இடம் சாயங்காலக் கடை வரிசை. அங்கே எல்லோருக்கும் அவசரம், உலை வைக்க வேண்டும்.

சட்டத்தில் ஒரு ஓட்டையும் இருந்தது. சொந்தமாகத் தொழில் செய்கிறவர் தன் வீட்டில், தன் குடும்பத்தாரை வைத்துப் பீடி சுற்றினால் 1966 சட்டம் பொருந்தாது. ஆகவே, "இவர்கள் எங்கள் தொழிலாளர்களே இல்லை, நாங்கள் இலையும் தூளும் விற்கிறோம், அவர்கள் பீடியாக்கி எங்களிடம் விற்கிறார்கள்" என்று காகிதத்தில் காட்டிவிட வழி பிறந்தது. குழந்தைத் தொழிலாளர் விஷயத்திலும் இதே கதை. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் பீடி சுற்றுவதைக் குழந்தைகளுக்குத் தடைசெய்த வேலைகளின் பட்டியலில் வைத்தது. கூடவே குடும்பத்தோடு சேர்ந்து செய்யும் வேலைக்கு விலக்கும் தந்தது. இன்று ஐம்பது தாண்டிய பெண்களைக் கேட்டால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மாவுக்கு முனை மடக்கிக் கொடுத்ததில் இருந்துதான் பேச்சைத் தொடங்குவார்கள்.

பாஸ்புக்

1977-இல் வருங்கால வைப்பு நிதிச் (பி.எஃப்.) சட்டம் பீடித் தொழிலுக்கும் நீட்டிக்கப்பட்டது. வீட்டில் சுற்றுகிறவர்கள் அதில் வருவார்களா என்று நிறுவனங்கள் வழக்குப் போட்டன. வீட்டில் இருந்து வேலை செய்தாலும், இலை தருவதும் பீடியைச் சோதித்து ஏற்பதும் தள்ளுவதும் நிறுவனத்தின் கையில் இருப்பதால் இவர்கள் தொழிலாளர்களே என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் பி.எம். படேல் வழக்கில் சொன்னது. அதாவது, எந்தக் கழிவு அவளுக்கு நாள்தோறும் நஷ்டமாக இருந்ததோ, அந்தக் கழிவு பிடிக்கும் அதிகாரமே அவள் தொழிலாளி என்பதற்குச் சாட்சியாக நின்றது. இந்த நாட்டுத் தொழிலாளர் வழக்குகளில் எனக்கு மிகவும் பிடித்த வாதம் இதுதான்.

அங்கிருந்துதான் புத்தகத்தின் மதிப்பு ஏறியது. "பி.எஃப். புக்" வைத்திருக்கும் பெண்ணுக்கும் புக் இல்லாமல் சுற்றுகிற பெண்ணுக்கும் இடையே ஒரே தெருவில் பெரிய இடைவெளி விழுந்தது. புக் இருந்தால் கூலி நிர்ணயித்தபடி வரும், போனஸ் வரும், விடுமுறைச் சம்பளம் வரும். பீடித் தொழிலாளர் நல நிதியின் அடையாள அட்டை கிடைக்கும். அந்த அட்டையைக் காட்டினால் நல நிதியின் மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கலாம், முக்கூடலில் இவர்களுக்கென்றே மத்திய அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. பிள்ளைகள் படிப்புக்கு வகுப்பைப் பொறுத்து ஆண்டுக்கு 1,000 முதல் 25,000 ரூபாய் வரை உதவித்தொகை. 2016-க்குப் பிறகு வீடு கட்ட 1.5 லட்சம் ரூபாய் மானியம், பின்னால் அது பிரதமர் வீட்டுத் திட்டத்தோடு இணைந்துவிட்டது. வேறெந்த வீட்டு வேலையும், வயல்வேலையும், ஜவுளிக்கடை வேலையும் இந்த ஊர்ப் பெண்ணுக்கு இத்தனை காகிதங்களைத் தந்ததில்லை.

அதனால்தான் ஒரு காலத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் "பொண்ணுக்கு பீடி சுத்தத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, அடுத்ததாக "புக் இருக்கா?" என்று கேட்டார்கள். புக் இருக்கிற பெண் வருமானத்தோடு வருகிறாள். கணவன் கொத்து வேலைக்கோ லோடு ஏற்றவோ போய், வேலை இருந்தால் காசு, இல்லாவிட்டால் இல்லை என்று இருக்கும் வீட்டில், வாரம் தவறாமல் வருவது இவள் கூலிதான். பலசரக்குக் கடைக்காரர் கடன் எழுதுவது அந்த வாரக் கூலியை நம்பி. மகளிர் குழுக் கடனுக்குத் தவணை கட்டுவதும் அதிலிருந்து. தங்க மூக்குத்தியில் இருந்து மகள் கல்யாணம் வரை அவள் போட்ட கணக்கெல்லாம் ஆயிரங்களில்தான். ஆனால் குடும்பத்துக்குள் இதற்குப் பெயர் "வீட்டுல சும்மா இருக்கும்போது நாலு பீடி சுத்துறா" என்பது.

இப்போது, ஒரு புக்கில் மூன்று பேர் விஷயம். கடை ஒரு பெயருக்கு நாளைக்கு இவ்வளவு இலை என்று அளந்துதான் தரும். அதை ஒருத்தியே முடிக்க வேண்டுமானால் அடுப்படிப் பக்கமே போக முடியாது. மாமியார் வெட்டுவாள், மருமகள் சுற்றுவாள், மகள் முனை மடக்கிக் கட்டுக் கட்டுவாள். புத்தகத்தில் இருப்பது ஒரு பெயர். மற்ற இரண்டு பேரும் எந்தச் சட்டத்துக்கும் தெரியாதவர்கள். மாமியார் பெயரில் உள்ள புக்கில் பதினைந்து வருஷம் மருமகள் சுற்றியிருப்பாள், பணம் வரும்போது அது மாமியார் பணம். தெருவில் கேட்கும் குடும்பச் சண்டைகளில் கணிசமானவற்றுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. சண்டை போடுகிறவர்கள் வேறு காரணம் சொல்வார்கள்.

ஐம்பத்தெட்டு வயதில் நடப்பது

புத்தகம் கையில் இருப்பது ஒன்று, அது கடைசியில் பணமாவது இன்னொன்று. இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

பீடித் தொழிலில் பி.எஃப். பிடித்தம் 12 சதவீதம் இல்லை, 10 சதவீதம். அவள் கூலியில் 10, நிறுவனம் 10. நிறுவனம் கட்டும் பத்தில் 8.33 சதவீதம் ஓய்வூதியக் கணக்குக்குப் போய்விடும், மீதி 1.67 தான் அவள் சேமிப்பில் சேரும். ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 ஆண்டு பணிக்காலம் வேண்டும். முழு ஓய்வூதிய வயது 58. கணக்கு இப்படி: சராசரிச் சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70 ஆல் வகுக்க வேண்டும். மாதம் 5,000 ரூபாய் கூலி பதிவானவள் 14 ஆண்டு கட்டியிருந்தால் வருவது சரியாக 1,000 ரூபாய். 2014 முதல் குறைந்தபட்ச ஓய்வூதியமும் அதே 1,000 ரூபாய்தான். கூலி இதைவிடக் குறைவாகப் பதிவானவர்களை அந்தக் குறைந்தபட்சம் தாங்கிப் பிடிக்கிறது. தாங்கிப் பிடிக்கிற தொகை இன்றைக்கு ஒரு கேஸ் சிலிண்டருக்கும் பத்து நாள் பாலுக்கும் காணாது.

சரி, 14 ஆண்டு எங்கே, இவள் சுற்றியது நாற்பது ஆண்டு ஆயிற்றே என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். முதல் புக் அம்மா வீட்டில் போட்டது. கல்யாணமாகி வேறு ஊருக்கு வந்ததும் "கணக்கை முடித்து" இருந்த பணத்தை வாங்கி நகையில் போட்டார்கள். அப்படி முடிக்கும்போது ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால் அதுவரை உழைத்த வருஷங்கள் பணிக்காலத்தில் இருந்து அழிந்துவிடும். எடுக்காமல், அதற்கு ஈடாகத் திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்தால் அந்த வருஷங்கள் அடுத்த கணக்கோடு சேரும். விண்ணப்பம் ஒன்றே, அதில் ஒரு தேர்வு மாறினால் அத்தனை வருஷமும் போய்விடும். பதினெட்டு இருபது வயதுப் பெண்ணுக்கு இதை எடுத்துச் சொன்னவர் யாரும் இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்குப் பவுன் கணக்கு, கடைக்காரருக்குப் படிவம் அனுப்பும் அவசரம். புகுந்த வீட்டில் புதிதாக ஒரு புக், புது நம்பர், முதல் வருஷத்தில் இருந்து எண்ணிக்கை. அப்புறம் மகள் கல்யாணத்துக்கு இன்னொரு முறை முடித்தவர்களும் உண்டு. பழைய விதியிலேயே ஏழு ஆண்டு உறுப்பினராக இருந்தால் கணக்கை மூடாமல் தன் பங்கில் பாதி வரை திருமணச் செலவுக்கு எடுத்திருக்கலாம்.

அடுத்த சிக்கல் பெயர். புக்கில் "பேச்சி" என்று இருக்கும், ஆதாரில் "பேச்சியம்மாள்". புக்கில் அப்பா இனிஷியல், ஆதாரில் கணவர் இனிஷியல். பிறந்த தேதியைக் கடைக்காரர் ஒரு குத்துமதிப்பாக எழுதியிருப்பார், ஆதார் எடுத்தவர் வேறொரு குத்துமதிப்பாக ஜூலை 1 அல்லது ஜனவரி 1 என்று போட்டிருப்பார். எல்லாம் காகிதத்தில் இருந்தவரை இது யாரையும் உறுத்தவில்லை. கணக்கு ஆன்லைனுக்குப் போய் ஆதாரோடு பொருந்த வேண்டும் என்று ஆனதும், ஓர் எழுத்து தள்ளிப்போனாலும் விண்ணப்பம் திரும்பி வருகிறது. பழைய கணக்குகளில் திருத்தத்துக்கு நிறுவனம் ஒப்புதல் தர வேண்டும். நிறுவனமோ அந்தக் கிளையை மூடிப் பல வருஷமாகியிருக்கும்.

இதையும் தாண்டினால் ரேகை. ஆண்டுக்கொரு முறை உயிருடன் இருப்பதற்குச் சான்று கொடுக்க விரலை வைக்கச் சொல்கிறார்கள். நாற்பது வருஷம் இலையை உருட்டித் தேய்ந்த விரலில் மெஷின் எதைப் படிக்கும்? "கையைத் துடைச்சிட்டு வைங்கம்மா", "அடுத்த விரல் வைங்கம்மா" என்று பத்து விரலும் வைத்துப் பார்த்துவிட்டு, நாளைக்கு வரச் சொல்வது எந்த இ-சேவை மையத்திலும் நடப்பது. கருவிழி, முகம் வைத்தும் சான்று எடுக்க வழி உண்டு, கேட்கத் தெரிந்தால்.

தொழில் சுருங்கும்போது

பீடி ஒழிய வேண்டிய பொருள்தான், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. சிகரெட்டைவிடச் சின்னது, இலையில் சுற்றியது, அதனால் கெடுதல் குறைவு என்று சிலர் சொல்வதற்கு ஆதாரம் கிடையாது. புகைக்கிறவருக்கு மட்டும் இல்லை, சுற்றுகிறவர் உடம்பிலும் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் நிகோடின் ஏறுகிறது. தீராத இருமலும் கழுத்துவலியும் இடுப்புவலியும் இங்கே வயதின் அடையாளமாகவே ஆகிவிட்டன. புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக சுகாதார அமைப்பின் உடன்படிக்கையை இந்தியா 2004-இல் ஏற்றது. அதன் 17-ஆம் பிரிவு, புகையிலையை நம்பிப் பிழைப்பவர்களுக்கு மாற்று வழி ஏற்படுத்தித் தர வேண்டும் என்கிறது. புகையிலையைக் கட்டுப்படுத்தும் வேலை நடக்கிற வேகத்தில் இந்த 17-ஆம் பிரிவு வேலை நடக்கவில்லை.

2016, 2017 இரண்டு வருஷமும் மூன்று அடி அடுத்தடுத்து விழுந்தது. 2016 ஏப்ரலில் சிகரெட் பெட்டியிலும் பீடிக் கட்டிலும் 85 சதவீத அளவுக்கு எச்சரிக்கைப் படம் என்ற விதி வந்தபோது பீடி உற்பத்தியாளர்கள் பலர் உற்பத்தியை நிறுத்தினார்கள். நிறுத்தியது அவர்கள், வேலையில்லாமல் உட்கார்ந்தது வீட்டில் சுற்றுகிறவர்கள். நவம்பரில் பணமதிப்பு நீக்கம். வாரக் கூலி ரொக்கமாகக் கைக்கு வந்த பழக்கம் உடைந்து, வங்கி வாசலில் ஒரு நாள் வேலை போனது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி., பீடிக்கு 28 சதவீதம், இலைக்கு 18 சதவீதம்.

ஜி.எஸ்.டி.யோடு சத்தமில்லாமல் இன்னொன்று போனது. 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி பீடியின் மேல் நல வரி ஒன்று வசூலாகிவந்தது, கடைசியில் ஆயிரம் பீடிக்கு 5 ரூபாய். அந்தக் காசில்தான் மருந்தகமும் கல்வி உதவித்தொகையும் வீட்டு மானியமும் நடந்தன. ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த வரி நீக்கப்பட்டது. அதன் பிறகு இந்த நலத்திட்டங்கள் மத்திய பட்ஜெட்டில் ஒதுக்குவதை நம்பி நிற்கின்றன. தொழிலில் இருந்து தனக்கென்று தனியாக எடுத்துவைத்த பணமாக இருந்தது, மற்ற எல்லாச் செலவோடும் போட்டி போடும் பணமாக மாறிவிட்டது. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் பீடிக்கான வரியை 18 சதவீதமாகவும் இலைக்கானதை 5 சதவீதமாகவும் குறைக்க முடிவெடுத்தது. அப்போது தொழிலாளர் நலன் நிறையப் பேசப்பட்டது. நல வரியைத் திரும்பக் கொண்டுவருவது பற்றி அந்தப் பேச்சில் ஒன்றும் வரவில்லை.

மாற்று வேலை என்ன இருக்கிறது? கிராமம் என்றால் நூறு நாள் வேலை இருந்தது, அதன் கூலி தமிழ்நாட்டில் 2025 ஏப்ரலில் 336 ரூபாய் ஆனது. ஆனால் முக்கூடலும் ஆலங்குளமும் கீழப்பாவூரும் பேரூராட்சிகள். நூறு நாள் வேலை ஊராட்சிகளுக்கு மட்டும்தான். பார்க்க எல்லாம் ஒரே மாதிரி ஊர்தான், ஒரே பஸ், ஒரே வயல், ஒரே கோயில் கொடை. ஆனால் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் இருக்கிற மதினிக்கு வேலை அட்டை உண்டு, இந்தப் பக்கம் இருப்பவளுக்குக் கிடையாது. நகரத்துக்குரிய தொழிற்சாலையும் இங்கே இல்லை. சின்ன ஊரில் பீடி இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்கு, இந்த இரண்டுங்கெட்டான் நிலைமை முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

இளைய பெண்கள் வேறு பாதையில் போய்விட்டார்கள். 2021 மே முதல் அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால் பக்கத்து டவுன் ஜவுளிக்கடைக்கோ நர்சிங் ஹோமுக்கோ போய்வருவது, சம்பளத்தில் கால்வாசி பஸ்ஸுக்கே போகாமல், சாத்தியமானது. பீடி சுற்றி அம்மா படிக்கவைத்த பிள்ளைகள் பி.காம்., பி.எஸ்சி., பி.எட். முடித்திருக்கிறார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் இப்போது புக்கைப் பற்றிக் கேட்பதில்லை, கேட்டால் பெண் வீட்டில் முகம் சுளிப்பார்கள். ஆனால் கடையில் எட்டாயிரமோ பத்தாயிரமோ வாங்கும் அந்த மகளுக்குப் பல இடங்களில் பி.எஃப். இல்லை, உட்காரவும் நாற்காலி இல்லை. தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தனியாகச் சட்டத் திருத்தம் கொண்டுவர வேண்டியிருந்தது. புகையிலைத் தூளில் இருந்து தப்பிய மகள், அம்மாவுக்கு இருந்த காகிதம் இல்லாமல் வேலை செய்கிறாள்.

நடுவில் மாட்டிக்கொண்டது நாற்பத்தைந்தில் இருந்து ஐம்பத்தைந்து வரை உள்ளவர்கள். வாரத்துக்கு ஆறு நாள் வந்த இலை மூன்று நாள், நான்கு நாள் என்று குறைந்திருக்கிறது. இலை குறைந்தால் கூலி குறையும், பதிவாகும் சம்பளம் குறையும், ஓய்வூதியக் கணக்கில் எடுக்கும் கடைசி அறுபது மாதச் சராசரி குறையும். வேலையை விட்டுவிடலாம் என்றால் பத்து வருஷம் நிறையவில்லை. மீதி நாளைக்குப் புக் இல்லாத பீடியைக் குறைந்த கூலிக்குச் சுற்றுகிறார்கள். தையல் கற்றுக்கொள், காளான் வளர் என்று பயிற்சி தர வருகிறவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் வருகிறார்கள். அந்தப் பெண் கேட்பது, புது வேலையில் எவ்வளவு கிடைக்கும் என்று மட்டும் இல்லை. ஏற்கெனவே கட்டிய ஆறோ ஏழோ வருஷம் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து. சுயதொழில் தையலில் பி.எஃப். கட்ட நிறுவனம் கிடையாது. அந்த வருஷங்கள் அப்படியே நிற்கும்.

2025 நவம்பர் 21-இல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததில் 1966-ஆம் ஆண்டு பீடிச் சட்டம் அவற்றுக்குள் கரைந்துவிட்டது. பீடித் தொழிலாளர்களின் வேலை நிலைமைக்கென்று தனிச் சட்டம் இனி இல்லை. கழிவுக்கு வரம்பு, வீட்டில் சுற்றுகிறவருக்கு விடுமுறைச் சம்பளம் போன்றவை புதிய விதிகளில் எப்படி எழுதப்படுகின்றன என்பதைத்தான் தொழிற்சங்கங்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அவர்களின் மற்றக் கோரிக்கைகளில் குறைந்தபட்ச ஓய்வூதியத்தை உயர்த்துவதும் இருக்கிறது. 2014-இல் 1,000 ரூபாய் என்று வைத்ததை இதுவரை யாரும் தொடவில்லை.